புல் விதையா, புல் விரிப்பா: ஸ்காபரோ முன்வளவின் கணக்கு

பனி கரைந்து ஏப்ரல் பிறந்தபோது, கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவிலுள்ள எங்கள் முன்வளவில் பாதிப் புல் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. ரக்கூன்கள் கிளறிய ஓர் ஓரத்தைப் பற்றி இழுத்தால் அது வேரில்லாமல் பாய்போலச் சுருண்டு வந்தது. அடியில் வெள்ளை வண்டுப் புழுக்கள் வளைந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கி மண்ணைக் கிளறிய பின், சுருள் சுருளாக விற்கும் புல் விரிப்பை வாங்குவதா, விதை தூவுவதா என்ற கேள்வி எழுந்தது.

விரிப்புக்குச் செலவு பல மடங்கு. ஆனால் அன்று மாலையே முற்றம் பச்சையாகிவிடும். சரிவான நிலமென்றால் மழை விதையை அடித்துச் சென்றுவிடும் என்பதால் நானும் விரிப்பையே வாங்கியிருப்பேன்.

எங்கள் நிலம் சமதளம். விதைப் பக்கம் என்னைச் சாய்த்தது ஜூலை மாதத் தண்ணீர். இங்கே விரிப்பாக வருவது பெரும்பாலும் கென்ரக்கி புளூகிராஸ். வெற்றிடங்களைத் தானே பரவி மூடும் நல்ல குணம் அதற்கு உண்டெனினும், தண்ணீர் குறைந்தால் வெயிலில் விரைவில் பழுப்பேறி உறங்கிவிடும். விதையென்றால் கலவையை நாமே தெரிவு செய்யலாம் என்பதால், குறைந்த நீரிலும் உரத்திலும் தாக்குப்பிடிக்கும் ஃபெஸ்க்யூ என்ற புல்வகையை மிகுதியாகவும், விரைந்து முளைக்கும் ரைகிராஸைச் சிறிதளவும் சேர்த்துத் தூவினேன். அதே மாதம் விரிப்புப் போட்ட பக்கத்து வீட்டு அண்ணர் ஜூலையில் காலைதோறும் குழாயைத் திறந்தார்; நானோ வெறும் மீன் ரின் ஒன்றைப் புல்லில் வைத்து, அதில் இரண்டரை சென்ரிமீற்றர் நீர் நிற்கும்வரை வாரம் ஒருமுறை மட்டும் பாய்ச்சினேன். இரு வளவுகளை ஒரு கோடையில் பார்த்துச் சொல்லும் கணக்குத்தான் இது.

விதைக்கும் குறை உண்டு. முளைக்கும்வரை மேல்மண் காயவே கூடாது. ரைகிராஸ் பத்து நாளுக்குள் தலைகாட்டும், புளூகிராஸ் கலந்திருந்தால் மூன்று, நான்கு வாரங்கள்கூடக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் கிராப்கிராஸ் களை நுழைந்துவிடும். 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோவில் வீட்டுப் புற்தரைக்கு வழமையான களைக்கொல்லிகள் தடை. அனுமதியுள்ள சோளக் குளூட்டன் தூளோ களை விதையோடு நமது விதையையும் முளைக்கவிடாது. ஆகவே ஜூன் முழுவதும் குந்தியிருந்து கையாலேயே பிடுங்கினேன். நிழல் மண்டிய வளவுகளைப் பற்றி நான் பேசமாட்டேன்; எங்களிடம் ஒரு மரமும் இல்லை.

நடைபாதையோரம் இன்னும் இரண்டு சொட்டைகள் உள்ளன. மண் சூடாகவும் களை ஓய்ந்தும் இருக்கும் ஓகஸ்ட் கடைசியில் அவற்றுக்கு விதை தூவி, அதே வாரத்தில் வண்டுப் புழுக்களைக் கொல்லும் நெமரோட் எனும் நுண்ணிய உருளைப்புழுக்கள் கலந்த கரைசலையும் ஊற்றவிருக்கிறேன்.