ஆறு குளிர்காலம் ஓட்டிய ஸ்னோ ப்ளோயர்: ஈரி ஏரிக்கரையிலிருந்து ஓர் அனுபவம்

2019 அக்டோபரில் வாங்கிய, வாசல் பனியை அள்ளி எறியும் மெஷின் இது. 24 அங்குல அகலம், இரண்டு கட்ட ரகம், 208 சிசி பெட்ரோல் இன்ஜின். விலை ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் கீழே. இந்த வசந்தத்தோடு ஆறு குளிர்காலம் முடிந்துவிட்டது. வாங்கி ஒரு மாதத்தில் எழுதும் ரிவ்யூக்களை நம்பித்தான் நானும் வாங்கினேன். ஆனால் இந்த ஊர்ப் பனிக்கு ஒரு மாதம் போதாது. 2022 நவம்பர்ப் பனிப்புயலைத் தாண்டிய பிறகுதான் எனக்கு இந்த மெஷினைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கிறது என்று தோன்றியது.

நான் இருப்பது ஹாம்பர்க். நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில், பஃபலோவுக்குத் தெற்கே, ஈரி ஏரியை ஒட்டிய ஊர். இங்கே பனி எல்லா இடத்திலும் பெய்வது போலப் பெய்வதில்லை. ஏரி ஏறக்குறைய 390 கிலோமீட்டர் நீளம். நவம்பரில் அது இன்னும் உறைந்திருக்காது. தண்ணீரில் கோடையின் சூடு மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் தென்மேற்கிலிருந்து கடுங்குளிர்க் காற்று ஏரியின் நீளவாக்கிலேயே வந்தால், வழியெல்லாம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து எங்கள் கரையில் மொத்தமாகக் கொட்டிவிடும். அதுவும் ஒரு குறுகிய பட்டையாகத்தான் கொட்டும். பட்டைக்குள் இருக்கிற தெருவில் கார் புதைந்து கிடக்கும். பதினைந்து மைல் தள்ளிப் போனால் புல் தெரியும். காற்று கொஞ்சம் திரும்பும் வரை பட்டை நகராது. இதைப் புரிந்துகொள்ளாமல் இங்கே மெஷின் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. கடையில் 'எட்டு அங்குலம் வரை' என்று எழுதி வைத்திருக்கும் சின்ன ஒரு கட்ட மெஷின், வேறு ஊரில் வருஷம் முழுக்கத் தாங்கும். இங்கே ஒரு ராத்திரி தாங்காது.

மெஷினுக்கு முன்னால், முதல் குளிர்காலத்தில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் சீசன் முழுமைக்கும் முன்பணம் கொடுத்திருந்தேன். சாதாரண நாட்களில் வந்தார். பெரிய பனி விழுந்த இரண்டு தடவையும் வரவில்லை; அவருடைய லாரியே எங்கேயோ மாட்டிக்கொண்டது. அந்தக் குளிர்காலத்தில் ஷவலோடுதான் நின்றேன். ரோட்டிலிருந்து கராஜ் வரை கார் வரும் பாதை, அதாவது என் டிரைவ்வே, 15 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். ஒரு அடிப் பனி விழுந்தால், லேசான பஞ்சுப் பனியாக இருந்தாலே, இரண்டு டன்னுக்கு மேல் எடை வரும். ஈரப் பனி என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. அதை இடுப்பிலிருந்து தூக்கித் தோளுக்கு மேல் எறிய வேண்டும். திருநெல்வேலியிலிருந்து அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, "எய்யா, ஆள் வெச்சுச் செய்யக்கூடாதா? நெஞ்சு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டார். அவர் பயந்தது சரிதான். 2022 புயலில் எங்கள் கவுண்டியில், அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரியான பகுதியில், பனி அள்ளும் சிரமத்தில் மாரடைப்பு வந்து இறந்தவர்கள் உண்டு.

சரி, மெஷினுக்கு வருகிறேன். இரண்டு கட்டம் என்றால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். முன்னால் இருக்கும் இரும்புத் திருகு மெதுவாகச் சுழன்று பனியை நடுவுக்கு இழுக்கும். அது முதல் கட்டம். பின்னால் இருக்கும் விசிறி அதை வேகமாக அடித்து மேல் குழாய் வழியாக எறியும், அது இரண்டாவது. சக்கரங்களை இன்ஜினே உருட்டுவதால் நாம் பின்னால் நடந்தால் போதும். பஞ்சுப் பனியை 10 மீட்டர் தூரம் சுலபமாக எறிகிறது. மார்ச் மாதத்துச் சொதசொதப் பனியை அப்படி எறியாது, குழாயில் அப்பிக்கொள்ளும். குளிர்காலத்துக்கு முன்னால் குழாயின் உள்ளே சிலிகான் ஸ்ப்ரே அடித்து வைத்தால் பாதித் தொல்லை குறைகிறது.

அப்பிக்கொண்ட பனியைக் கையால் எடுக்கவே கூடாது. இன்ஜினை அணைத்த பிறகும் கூடாது. பெல்ட்டில் இறுக்கம் மிச்சம் இருந்தால், அடைப்பு விலகியதும் விசிறி ஒரு சுற்றுச் சுற்றும். ஒரு சுற்றுப் போதும் விரல் போவதற்கு. மெஷினோடு ஒரு பிளாஸ்டிக் குச்சி வரும், அதற்காகவேதான். நான் அதைக் கைப்பிடியிலேயே கட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது 2022 நவம்பர் 17, வியாழக்கிழமை. கவுண்டி முன்கூட்டியே பயணத் தடை அறிவித்திருந்தது. ராத்திரி பனி ஆரம்பித்தபோது இடியும் மின்னலும் கூட வந்தன. பனியோடு மின்னல் வெட்டியதைப் பார்த்து மகள் போர்வைக்குள் போய்விட்டாள். எதிர்வீட்டுப் பெரியவர் ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இந்த ஊரிலேயே பிறந்தவர். சாயங்காலமே அவர் வந்து ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: நிற்கட்டும் என்று காத்திருக்காதே, பெய்யப் பெய்ய எடு. எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. எடுத்த இடத்திலேயே மறுபடி விழப் போகிறதே! இருந்தாலும் பதினொரு மணிக்கு ஒரு தடவை இறங்கினேன். இரண்டு மணிக்கு ஒரு தடவை. ஐந்து மணிக்கு இறங்கும்போது, ராத்திரி கழுவித் துடைத்தது போல விட்டுப் போன இடத்தில் முழங்காலுக்கு மேல் பனி.

அவர் சொன்னதன் அர்த்தம் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் விளங்கியது. என் மெஷினின் வாய் 21 அங்குல உயரம். பனி அதற்குக் கீழே இருக்கும் வரை அது சாப்பிட்டுக்கொண்டே போகும். அதைத் தாண்டிவிட்டால், அடியில் குடைந்துகொண்டு போகும்போது மேல் பனி சரிந்து மெஷின் மேலேயே விழும். இரண்டு வீடு தள்ளி இருப்பவர் என்னுடையதை விடப் பெரிய 30 அங்குல மெஷின் வைத்திருந்தும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டார். காலையில் அவருக்கு இடுப்பளவு. மேல் பாதியை ஷவலால் வெட்டித் தள்ளி, கீழ்ப் பாதியை மெஷினுக்குக் கொடுத்து, ஒவ்வொரு அடியாகத்தான் முன்னேற முடிந்தது. பெரிய மெஷினை விட, ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பதுதான் வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பெய்தது. ஹாம்பர்க்கில் பதிவான மொத்தம் 81.2 அங்குலம், அதாவது ஆறே முக்கால் அடி. பக்கத்து ஊரான ஆர்ச்சர்ட் பார்க்கில் 80 அங்குலம். அங்கே நடக்க வேண்டிய, பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டத்தை டெட்ராய்ட்டுக்கு மாற்றினார்கள். வீரர்கள் ஏர்போர்ட் போய்ச் சேர அவர்களுடைய அக்கம்பக்கத்தார்தான் வீட்டு வாசலைத் தோண்டிக் கொடுத்தார்கள்.

என் டிரைவ்வே சனிக்கிழமையே சுத்தம். ஆனால் அது எங்கேயும் போகாத பாதை. தெருவில் பனி தள்ளும் டவுன் லாரிகளால் அந்த உயரத்தைத் தள்ள முடியவில்லை. தள்ள இடமும் இல்லை. இரண்டு ஓரத்திலும் சுவர் மாதிரி நின்றது. பெரிய பனியை லாரி தள்ளாது, அள்ளித்தான் போக வேண்டும். முன்னால் பெரிய வாளி வைத்த லோடரை இங்கே ஹைலிஃப்ட் என்பார்கள். மாநிலத்தின் மற்ற பகுதிகளிலிருந்தும் அனுப்பியவற்றோடு அவை வந்து, அள்ளி டிப்பரில் கொட்டி, காலி மைதானங்களுக்குக் கொண்டுபோன பிறகுதான் எங்கள் தெரு திறந்தது. அந்த ஓட்டுநர்கள் எத்தனை மணி நேரம் தூங்கினார்களோ. எங்கள் தெருவுக்கு வந்தவருக்கு என் மனைவி ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். வண்டியை நிறுத்தாமலேயே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

ஹைலிஃப்ட் போன பின் டிரைவ்வே முனையில் ஒரு வரப்பு மிஞ்சியது. இதுதான் இந்த மெஷினுக்கு உண்மையான பரீட்சை. லாரி தள்ளிவிட்டுப் போகும் பனி பஞ்சு இல்லை. நசுங்கி, உப்புத் தண்ணீர் குடித்து, ஐஸ் கட்டிகள் கலந்து இறுகிப்போனது. முதல் கியரில், பாதி அகலத்தை மட்டும் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்க விட்டால் என் மெஷின் அதைத் தின்றது. நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம். திருகின் ஒரு பக்கம் நின்றுவிட்டது. பார்த்தால், பிளாஸ்டிக் உறைக்குள் சுருட்டிப் போட்ட இலவசப் பத்திரிகை ஒன்று, உறைந்து கட்டை மாதிரி ஆகி, திருகுக்கும் கூட்டுக்கும் நடுவில் செருகியிருந்தது.

உடைந்தது ஷியர் பின். சுண்டுவிரல் நீளம் இருக்கும். கியர் உடையாமல் இருக்கத் தான் முதலில் உடைய வேண்டும் என்றே செய்த மெல்லிய பின். இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, பத்திரிகையைச் சுத்தியல் பின்பக்கத்தால் நெம்பி எடுத்தேன். ஓட்டைக்குள் மாட்டிக்கொண்ட துண்டை ஓர் ஆணி வைத்துத் தட்டியதும் அது பனியில் விழுந்து காணாமல் போனது. கையுறையோடு புதுப் பின்னைப் பிடிக்க முடியாது. கழற்றினால் விரல் ஒரு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. மூன்று முறை கராஜுக்குள் போய்க் கையைச் சூடாக்கிக்கொண்டு வந்து மாட்டினேன். பின் கிடைக்கவில்லை என்று சாதாரண போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். அது உடையாது, கியர்பாக்ஸ்தான் உடையும்.

அந்த வரப்பைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. பெரியவரிடம் கற்றது. ரோட்டைப் பார்த்து நின்றால் லாரி நம் பக்கத்தில் இடமிருந்து வலமாகப் போகும். டிரைவ்வேயின் இடப்பக்கம், ரோட்டோரமாக ஒரு காரின் அளவுக்குப் பனியை முன்னாலேயே எடுத்துக் குழி விட்டு வையுங்கள். லாரி தன் சுமையை அந்தக் குழியில் இறக்கிவிட்டு, காலியாக நம் வாசலைக் கடக்கும். எடுத்த பனியை வலப்பக்கம் குவிக்க வேண்டும். ரோட்டுக்குள் தள்ளுவது சட்டப்படி தப்பு, எதிரே வருபவருக்கும் ஆபத்து.

இன்னும் இரண்டு இடங்களை டிரைவ்வேக்கு முன்னால் எடுங்கள். ஒன்று, ஹீட்டரின் புகை வெளியேறும் குழாய். எங்கள் வீட்டில் அது பக்கச் சுவரில், தரையிலிருந்து இரண்டடியில் இருக்கிறது. பனி மூடினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். இன்னொன்று தெருமுனைத் தீயணைப்புக் குழாய். ஆறடிப் பனியில் அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எங்கள் தெருவில் அதன் மேல் ஒரு நீளக் கம்பி நட்டு வைத்திருக்கிறோம்.

அதே வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்த பனிப்புயல் வேறு மாதிரி. பஃபலோ ஏர்போர்ட்டில் 51.9 அங்குலம், அதாவது நவம்பரில் எங்கள் ஊரில் விழுந்ததை விடக் குறைவு. ஆனால் மணிக்கு 70 மைலுக்கு மேல் காற்று. கை நீட்டினால் கை தெரியவில்லை. எங்கள் கவுண்டியில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாட்களில் நான் மெஷினைத் தொடவே இல்லை. குழாயை எந்தப் பக்கம் திருப்பினாலும் பனி முகத்துக்கே திரும்பும். கராஜிலிருந்து பத்தடி போனால் வீடு எந்தத் திசை என்று தெரியாது. காற்று விழும் வரை உள்ளேயே இருப்பதுதான் வேலை.

பராமரிப்பில் நான் செய்த ஒரே பெரிய தவறு முதல் கோடையில். எத்தனால் கலந்த பெட்ரோலை டேங்கில் அப்படியே விட்டுவிட்டேன். நவம்பரில் ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டர் பிசின் பிடித்திருந்தது. சர்வீஸ் கடையில் மூன்று வாரம் வரிசை. அதற்குள் இரண்டு பனி வந்துபோனது. அதிலிருந்து ஏப்ரல் கடைசியில் டேங்கை வடித்து, தானாக நிற்கும் வரை இன்ஜினை ஓட விடுகிறேன். மற்றபடி வருஷம் ஒரு தடவை எண்ணெய். நான்காம் வருஷம் அடிச்சறுக்குத் தகடுகள் தேய்ந்து மாற்றினேன். ஐந்தாம் வருஷம் சக்கரம் வழுக்கியது. உள்ளே இருக்கும் ரப்பர் வட்டு தேய்ந்திருந்தது, நானே மாற்றினேன். இன்ஜினில் இதுவரை ஒரு குறையும் இல்லை. பிடிக்காதது, கிட்டத்தட்ட 90 கிலோ எடையைத் திருப்புவது. வளைவில் சக்கரத்தைத் தனித்தனியாக விடுவிக்கும் வசதி இதில் இல்லை; மறுபடி வாங்கினால் அது இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

பேட்டரி மெஷின் பற்றிக் கேட்பவர்களுக்கு: அரை அடிப் பனிக்கும் சின்ன வாசலுக்கும் நல்லது, சத்தமும் இல்லை. ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்க வேண்டிய ஊரில் நான் அதை நம்ப மாட்டேன்.

கராஜ் அலமாரியில் ஒரு பழைய காபி டப்பா இருக்கிறது. அதில் பத்து ஷியர் பின்கள், ஓர் ஆணி, சின்னச் சுத்தியல். பெரியவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை என்று போன வருஷத்திலிருந்து அவருடைய வாசலையும் நான்தான் எடுக்கிறேன். வரப்பு இறுகிப்போனால் அவருடைய பழைய மெஷினையும் கிளப்ப வேண்டியிருக்கிறது. அதன் ஷியர் பின் வேறு அளவு. அதையும் ஆறு வாங்கி, தனிக் கவரில் பெயர் எழுதி அதே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.