கிட் புல் அடித்தாயிற்று, கெர்னலை எப்படிக் கட்டுவது?

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மூலநிரலைக் கிட் புல் கட்டளையால் புதுப்பித்தாயிற்று. இனி நம் தேவைக்கேற்ப அமைத்த சொந்தக் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, மறுபடி கட்ட வேண்டும். எந்த வழியில்?

பழைய வழி ஒன்று உண்டு. கெர்னலில் எவை இருக்க வேண்டும் என்று சொல்லும் நம் அமைப்புக் கோப்பின் மேல் கான்ஃபிக் கட்டளையை ஓட்டி, அது உண்டாக்கும் அடைவுக்குள் போய் மேக் டிபெண்ட், அப்புறம் மேக். அதே நிரலில் ஒரு டிவைஸை மட்டும் எடுத்துவிட இது போதும். புல் அடித்த பிறகு ஆகாது. கணினியில் ஏற்கெனவே கிடக்கும் கான்ஃபிக்கையும், நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலரையும்தான் இது எடுத்துக்கொள்ளும். நிரல் புதிது, கருவி பழையது. கான்ஃபிக்கின் பதிப்பு ஒத்துவரவில்லை என்று தொடக்கத்திலேயே நின்றுவிட்டால் நல்ல காலம்.

இன்னொரு வழி மேக் பில்ட்கெர்னல்; இது, கெர்னல் தவிர்த்த மற்ற இயங்குதளத்தைக் கட்டும் பில்ட்வேர்ல்டில் உருவான புதுக் கருவிகளைக் கொண்டு கட்டுகிறது. பில்ட்வேர்ல்டுக்குப் பொறுமை இல்லையென்றால் மேக் கெர்னல்-டூல்செயின் போட்டுக் கருவிகளை மட்டும் தயார்செய்துகொள்ளலாம். நேரம் பிடிக்கும்தான். நான் ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடுவேன்.

அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் பில்ட்கெர்னலோடு சேர்க்கும் கெர்ன்ஃபாஸ்ட்=1 என்ற விருப்பத்தின் பக்கம் போகிறோம். நானும் போய்ப் பட்டேன். இது முன்பு கம்பைல் ஆகிக் கிடக்கும் ஆப்ஜெக்ட் கோப்புகளைத் துடைக்காது, சரி. ஆனால் கான்ஃபிக்கையும் திரும்ப ஓட்டாது. புதுப்பிப்பில் ஒரு புது சி கோப்பு வந்திருந்தால், எதையெல்லாம் கட்டுவது என்று கான்ஃபிக் முன்பு எழுதிவைத்த பழைய மேக்ஃபைலுக்கு அது இருப்பதே தெரியாது. எல்லாம் கம்பைல் ஆகி, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில், ஏதோ ஒரு சிம்பலை (நிரலில் வரும் ஒரு பெயரை) காணோம் என்று விழும். டிரைவரில் நானே நாலு வரி மாற்றிப் பார்க்கும்போது மட்டும்தான் இப்போது இதைத் தொடுகிறேன்.

வேகமும் வேண்டும், இந்தத் தொல்லையும் கூடாது என்றால் பில்ட்கெர்னலோடு மெட்டா மோட் என்ற அமைப்பைப் போட வேண்டும். கோப்புப் பயன்பாட்டைக் கவனிக்கும் ஃபைல்மான் என்ற கெர்னல் மாட்யூலை ஏற்றிவிட்டால், எந்தக் கட்டளை எந்தக் கோப்பைப் படித்தது என்று குறித்துவைத்து, மாற்றம் தொட்டதை மட்டும் கட்டும். என் ஓட்டு இதற்குத்தான்.

அமைப்புக் கோப்பில், ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் ஜெனரிக் என்ற பொது அமைப்பை முழுசாக நகலெடுத்து வைத்திருப்பவர்கள் அதை இன்க்ளூட் வரியாக மாற்றி, வேண்டாததை நோடிவைஸ் என்று கழித்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்வது தானாக வந்துவிடும்.

கட்டியதை நிறுவும் மேக் இன்ஸ்டால்கெர்னல், ஓடுகிற கெர்னலைக் கெர்னல்.ஓல்ட் என்று நகர்த்திவைக்கும். அதை மட்டும் நம்பாதீர்கள். தடுமாறித் தடுமாறி எழுந்த கெர்னலில் இருந்துகொண்டே இன்னொன்றை நிறுவினால், அந்தத் தடுமாறிதான் ஓல்ட் ஆகும். நான் நன்றாக ஓடியதைக் கெர்னல்.குட் என்று தனியாக நகலெடுத்து வைத்திருக்கிறேன்.