ஏலத்தோட்டத்து மண்ணில் தங்கிய மருந்து: வெட்டிவேரா, நுண்ணுயிரா?

குமுளியிலிருந்து வண்டன்மேடு, நெடுங்கண்டம் வரை எந்த ஏலத்தோட்டத்திலும் டிரம்மில் பூச்சிமருந்து கலக்கி, ஓஸ் மாட்டி, கடைசியில் கழுவிக் கொட்டுகிற இடம் ஒன்று இருக்கும். பரப்பு ஒரு சென்ட்கூட இராது. மருந்து கெட்டியாகச் சேர்வது அங்கேதான். தட்டைகளுக்கு (ஏலத் தூர்களுக்கு) அடியில் தங்குவது வேறு கணக்கு. மண்ணில் தங்கிய மருந்தை அகற்றச் செடியா நுண்ணுயிரா என்ற கேள்விக்கு இந்த இரண்டு இடத்துக்கும் ஒரே பதில் கிடையாது.

வேர் வழியாகச் செடி மருந்தை இழுக்க வேண்டுமென்றால் அது தண்ணீரில் ஓரளவு கரைய வேண்டும். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து கரையும், இலைவரை ஏறும். வேர்ப்புழுவுக்கு ஊற்றுகிற குளோர்பைரிபாஸ் லிட்டர் தண்ணீரில் சுமார் 1 மில்லிகிராம்தான் கரையும். மட்கோடும் களியோடும் ஒட்டிக்கொண்டு, வேர்த்தோலோடு நின்றுவிடும். பூசணி இனத்தில் சில வகைகள் டிடிடி என்ற பழைய பூச்சிமருந்தின் எச்சத்தைக்கூட இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பருவத்தில் வெளியேறுவது சொற்பம். அந்தக் கொடியை மாட்டுக்குப் போட்டால் மண்ணில் கிடந்தது பாலுக்கு வரும்.

வெட்டிவேரை மருந்து உறிஞ்சும் செடி என்று விற்கிறார்கள். அதன் உண்மையான வேலை, மருந்து ஒட்டிய மண் ஓடைக்கு இறங்காமல் மறிப்பது. சரிவுக்குக் குறுக்கே, நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 செ.மீ. விட்டு நட வேண்டும். நிழல் அதற்கு ஆகாது. மரத்தடியில் வைத்தால் தூர் கட்டாமல் இடைவெளி விழும். மழைத்தண்ணீர் அந்த ஓட்டையிலேயே பாய்ந்து மண்ணை அரிக்கும். பாதையோரம், படுதாக்குளத்துக்கு மேல்கரை மாதிரி வெயில் விழும் இடங்களே சரி.

மருந்தை உடைப்பது நுண்ணுயிர்தான். பாக்கெட்டில் வரும் சூடோமோனாஸ் பாக்டீரியாவை மட்டும் நம்பினால் ஏமாற்றம்: வந்த இனம் உள்ளூர் இனத்தோடு போட்டி போட முடியாமல் பெரும்பாலும் மடியும். அமிலம் ஏறிய மண்ணில் குளோர்பைரிபாஸ் மெதுவாகவே சிதையும். சிதைந்து வரும் டிசிபி என்ற பொருளே நுண்ணுயிருக்கு நஞ்சு. அதனால் முதலில் மண் பரிசோதனை சொல்கிற அளவுக்குச் சுண்ணாம்பு, குறைந்தது 15 நாள் கழித்து தொழு உரம். தட்டைகளுக்கு அடியில் இதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை.

கலக்கும் இடத்துக்கு, கழுவுநீரில் வரும் மருந்தை நுண்ணுயிரால் உடைக்கும் குழி வேண்டும். 1993-இல் ஸ்வீடனில் தொடங்கிய முறை இது. 60 செ.மீ. ஆழம், அடியில் 10 செ.மீ. களிமண்ணை மிதித்து இறுக்க வேண்டும். அதன்மேல் கூடை அளவில் நறுக்கிய வைக்கோல் 2, மட்கிய உரம் 1, தோட்டத்து மேல்மண் 1. மேல்மண் அதே தோட்டத்ததாக இருப்பது முக்கியம்: அந்த மருந்துக்குப் பழகிய உயிர்கள் அதில்தான் இருக்கும். வைக்கோலில் வளரும் பூஞ்சைதான் கடினமான மூலக்கூறுகளை உடைக்கிறது. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. மூன்று நான்கு வாரம் ஊறவிட்டு, மேலே புல் பதித்து, அதன்பின் கழுவுநீரை விடலாம். கூரை கட்டாயம். ஆடிச் சாரலில் குழி நிரம்பினால் காற்றில்லாமல் அழுகிய முட்டை நாற்றம் வரும். கிளறி உலர்ந்த வைக்கோல் சேர்க்க வேண்டும். வைக்கோல் மட்கித் தாழ்வதால் ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும்.

உமிக்கரி குழிக்கு வேண்டாம். அது மருந்தைப் பூட்டி வைக்கும்; பூட்டியதை நுண்ணுயிர் தின்ன முடியாது. வீட்டுக் காய்கறிப் பாத்தியில் அதே குணம் நன்மை, ஏனென்றால் செடிக்கு ஏறுவது குறையும்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையின் மிச்சத்தை எந்தக் குழியிலும் கொட்டக் கூடாது. அதிலுள்ள செம்பு தனிமம், அதை உடைக்க நுண்ணுயிரால் ஆகாது, சேரச் சேரக் குழியையே கொன்றுவிடும்.

2011-இல் உச்ச நீதிமன்றம் தடுத்த எண்டோசல்பான் பூச்சிமருந்து பழைய மண்ணில் இருக்கலாம் என்று சந்தேகமிருந்தால், அதன் சல்பேட்டையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். நுண்ணுயிர் எண்டோசல்பானை சல்பேட்டாக மாற்றும். தாய்ப்பொருள் குறைந்ததாகச் சோதனைத் தாள் சொல்லும், நஞ்சோ இன்னும் நீண்டநாள் தங்கும். மாதிரி எடுக்கும்போது 15 செ.மீ. ஆழம்வரை பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து, அரைக் கிலோவைக் கண்ணாடிக் குப்பியில் ஐஸ் வைத்து அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் பை மருந்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்.