கானா எழுத உவமையா, உருவகமா?

வடசென்னையில் வியாசர்பாடி, காசிமேடு பக்கம் புதிதாகக் கானாப் பாட்டு எழுதும் தம்பிகளுக்கு வரும் குழப்பம் இது.

எளிமை: உவமைதான். ‘மாதிரி’, ‘கணக்கா’ சேர்த்தால் போதும். ‘கூட்டம் கடல் மாதிரி’ என்றால் குழந்தைக்கும் புரியும்.

மெட்டு: உருவகம். ‘மதி போன்ற முகம்’ உவமை, ‘முகமதி’ உருவகம். ‘போன்ற’ என்ற உவம உருபு போனதும் தாளத்துக்கு இடம் கிடைக்கிறது.

மனதில் நிற்பது: இதிலும் உருவகமே. துக்க வீட்டில் பாடும் மரண கானாவில் ‘கட்டுமரம் மாதிரி உழைச்சாரு’ என்பதைவிட ‘எங்க கட்டுமரம் கரை சேர்ந்திடுச்சு’ என்று பாடிப் பாருங்கள். அங்கே ஆளே கட்டுமரமாகிவிடுகிறார். கடலுக்குப் போகிற குடும்பத்துக்கு அது சொந்த வரி. ஆனால் உருவகம் பொருந்தாவிட்டால் பாட்டே புரியாது, கவனம்.

கல்யாண மேடையில் உடனே கைதட்டல் வேண்டுமா, உவமை எழுதுங்கள். துக்க வீட்டில் விடிய விடியப் பாட, உருவகம்.