அகராதியா, தெசாரஸா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில், படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைக்கு ஆங்கில அகராதி, ஒத்த பொருள் சொற்களைத் தொகுத்துத் தரும் தெசாரஸ் இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அகராதியையே வாங்குங்கள். 'செட்' (set) என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி 430 பொருள் தருகிறது. சூரியன் மறைவதும் 'செட்', சிமெண்ட் இறுகுவதும் 'செட்', தேர்வுத்தாள் தயாரிப்பதும் அதேதான். நல்ல அகராதி ஒவ்வொன்றையும் வாக்கியத்தோடு பிரித்துக் காட்டும்.

ரோஜெட் 1852-இல் வெளியிட்ட தெசாரஸ், நம் திவாகர நிகண்டைப் போலச் சொற்களைப் பொருள்வழி அடுக்கியது. இன்றைய தெசாரஸ்கள் பலவும் நுண்ணிய வேறுபாட்டை விளக்குவதில்லை. 'செட்' என்பதற்கு மாற்றாக, சிமெண்டுக்குரிய 'ஹார்டன்' (harden) என்பதைப் பிள்ளை சூரியனுக்குப் போட்டால், மாலையில் சூரியன் கெட்டிப்பட்டுவிடும்! ஆனால் தெரிந்த சொல் நினைவுக்கு வராமல் தவிக்கும்போது தெசாரஸ் கைகொடுக்கும். படிவம் ஐந்தில் இரவல் வாங்கினாலே போதும்.