13 ஆண்டு கராஜில் நின்ற பீட்டில்: 11,000 கிலோமீட்டருக்குப் பிறகு

வண்டி 1974 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில். 1600 எஞ்சின், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 1951 முதல் 1979 வரை தென்னாப்பிரிக்காவின் யூட்டன்ஹேக் ஆலையிலிருந்து இறங்கிய பீட்டில்களில் ஒன்று. அந்த ஊருக்கு இப்போது கரீகா என்று பெயர். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வீட்டுக் கராஜில் 13 ஆண்டு அசையாமல் கிடந்தது. மறுபடி சாலையில் ஏறி 2 ஆண்டு ஆகிறது. ஓட்டம் 11,000 கிலோமீட்டர்: பெரும்பாலும் டர்பனுக்குள், அவ்வப்போது பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏற்றம். செய்த வேலைகளில் எது நிலைத்தது, எதை மறுபடி பிரிக்க நேர்ந்தது என்பதை இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறோம்.

டர்பனில் பழைய வண்டி என்றதும் எல்லாரும் குனிந்து துருவைத்தான் தேடுவார்கள். கடல் காற்று அப்படி. தேட வேண்டியதும்தான். ஆனால் ஓடத் தொடங்கிய பிறகு இந்த வண்டியை வழியில் நிறுத்தியது ஒருமுறைகூடத் துரு இல்லை, ரப்பர்தான். பெட்ரோலில் ஊறிக் கிடந்த குழாய் காய்ந்ததும் சுருங்கி வெடிக்கிறது. பிரேக் ஆயிலில் நின்ற ரப்பர் உள்ளுக்குள் உப்புகிறது. இரண்டும் வெளிப்பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும். 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவைத்த ஒவ்வொரு ரப்பரும் இரண்டாம் முறை கூலி வாங்கியது.

துருச் சோதனையை முதல் நாளே முடித்துவிடலாம். தரைவிரிப்பை எடுத்துவிட்டு, தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் குழல், ஜாக்கி முட்டுக் கொடுக்கும் இடம் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பின் இருக்கைக்கு அடியில் வலப்பக்கம் பேட்டரி இருக்கும் இடம் கட்டாயம் அரித்திருக்கும். ஆசிட் ஆவி அங்கேதான் இறங்கும். அங்கே புதுத்தகடு பற்றவைப்பது சின்ன வேலை. ஹீட்டர் குழல் இரண்டு பக்கமும் போயிருந்தால் அது பாடியையே சட்டத்திலிருந்து தூக்க வேண்டிய பெரிய வேலை. எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பேட்டரிக்கு மூடி இல்லாமல் பின் இருக்கையைப் போடவே கூடாது. ஆள் உட்கார்ந்ததும் இருக்கைச் சுருள்கம்பி அமுங்கி முனைகளைத் தொடும். அடியில் இருக்கும் நார் பற்றிக்கொள்ளும்.

அடுத்து பிரேக். எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கும் ஆசையை இதற்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. 13 ஆண்டில் நான்கு டிரம்மிலும் லைனிங் துருவோடு ஒட்டியிருந்தது. சுத்தியலால் அடிப்பதற்கு முன், டிரம் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு, லைனிங்கை டிரம்மோடு நெருக்கிவைக்கும், சக்கரத்துக்கு இரண்டு வீதம் இருக்கும் நட்சத்திரச் சக்கரங்களைத் தளர்த்த வேண்டும். பின் டிரம்மைக் கழற்ற 36 மி.மீ. நட். இதைக் கழற்றுவதைவிடத் திரும்ப முடுக்குவதில்தான் தவறு அதிகம். 294 நியூட்டன் மீட்டர் வேண்டும். கைக்கு எட்டிய அளவில் முடுக்கினால் டிரம்மின் உள்பற்கள் மெல்ல மெல்லத் தேய்ந்து, ஒரு நாள் எஞ்சின் சுற்றும், சக்கரம் சுற்றாது. முன்பக்கம் இடது சக்கரத்து நட் இடதுமுறை மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் முடுக்கி மரையைக் கெடுத்தவர்கள் பலர்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம், சக்கரத்தில் லைனிங்கைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் பிஸ்டனைத் துருப்பிடிக்க வைக்கும். தேய்த்துப் பளபளப்பாக்கி ரப்பர் கப் மட்டும் மாற்றுவது பழைய வழக்கம். சிலிண்டர் சுவரில் குழி விழுந்திருந்தால் அந்தக் கப் ஆறு மாதம்கூடத் தாங்காது. இந்த வண்டிக்கு, பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரும் நான்கு வீல் சிலிண்டரும் புதிதாகப் போட்டோம். அவற்றில் இன்றுவரை ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

தவறு பிரேக் ஹோஸில் நேர்ந்தது. மொத்தம் நான்கு ஹோஸ். முன் இரண்டில் வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்ததால் மாற்றினோம். பின் இரண்டும் வளைத்துப் பார்த்தபோது நன்றாக இருந்தன, விட்டுவிட்டோம். நான்காம் மாதம் இடது பின் டிரம் கை வைக்க முடியாத சூடு. அந்த ஹோஸை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் வெளித்தோல் கறுப்பாக, மிருதுவாக, குறையே இல்லாமல் இருக்கிறது; உள்ளே ரப்பர் உப்பி, ஓட்டை குண்டூசி நுழையும் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. காலால் மிதிக்கும் அழுத்தத்துக்கு ஆயில் உள்ளே போய்விடும். காலை எடுத்த பிறகு திரும்பி வர அதற்கு வழியில்லை. பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். நான்கையும் ஒரே நாளில் மாற்றுங்கள். டாட் 4 ஆயில் 1 லிட்டர் போதும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, குழாயில் சிக்கிய காற்றை எடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.

பெட்ரோலுக்கு வருவோம். 40 லிட்டர் டேங்க் முன் மூடிக்கு அடியில் இருக்கிறது. பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அதை எஞ்சினுக்குக் காட்டவே வேண்டாம். டேங்க்கைக் கழற்றி, உள்ளே துரு இருந்தால் வெள்ளை வினிகர் ஊற்றி ஒன்றிரண்டு நாள் ஊறவையுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே காயவைத்து, சிறிது பெட்ரோல் விட்டுச் சுழற்றி வையுங்கள். காயவைக்கத் தாமதித்தால் டர்பன் ஈரத்தில் ஒரே இரவில் மறுபடி செம்மை படரும்.

டேங்க்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே இரும்புக் குழாய் வண்டியின் நடுத்தண்டுக்குள் ஓடுகிறது. அதன் இரு முனையிலும் ரப்பர். முன்முனை எல்லார் கண்ணிலும் படும். பின்முனை கியர்பாக்ஸுக்கு மேலே ஒளிந்திருக்கிறது. வண்டியைத் தூக்கி, கையை உள்ளே விட்டால்தான் அகப்படும். பீட்டில்கள் தீப்பிடிப்பதற்கு இந்த ஒளிந்த துண்டும் ஒரு முக்கியக் காரணம். முதலில் துணிப்பின்னல் போட்ட புது ஹோஸ் வாங்கிப் போட்டோம். எட்டாம் மாதம் பெட்ரோல் வாடை. பின்னலை உரித்தால் உள் ரப்பர் நெடுக வெடித்திருக்கிறது. பின்னல் அதை மறைத்துவிட்டது. இப்போது ஓடுவது ஆர்9 என்ற பெட்ரோல் ஹோஸ் தரம் அச்சிட்ட ஹோஸ், ஒவ்வொரு முனையிலும் கிளிப்போடு. 16 மாதத்தில் கீறல் இல்லை. விலை கூடுதல்தான், ஆனால் இங்கே மிச்சம் பிடிக்க நினைக்கக் கூடாது.

பிளாஸ்டிக் ஃபில்டரை எஞ்சின் அறைக்குள் தொங்கவிடுவது இங்கே பலர் செய்யும் தவறு. அதன் எடையும் அதிர்வும் ஹோஸை இழுக்கும். கழன்றால் பெட்ரோல் சூடான எஞ்சின் மேலும், பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலும் கொட்டும். டேங்க்குக்கு அடியில் வையுங்கள். அதே போல சோலெக்ஸ் கார்புரேட்டரின் மேல்மூடியில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாயை இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். அது வெறுமனே அழுத்திச் செருகியது, காலப்போக்கில் தளரும். சிறிதாவது சுழன்றால் மரை போட்டு இறுக்கியே ஆக வேண்டும். கார்புரேட்டரைப் பிரிக்கும்போது பெட்ரோல் பாயும் நுண்துளையான ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள், காற்றழுத்தம் போதும். ஊசி வால்வையும் பம்ப் டயாஃப்ரமையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள்.

இனி எஞ்சின். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். படுத்த சிலிண்டர் என்பதால் பிளக் துளையில் ஊற்றும் ஆயில் அடிப்பக்கத்தில் மட்டும் தேங்கும், மேல்பாதி வளையம் காய்ந்தே இருக்கும். வளைந்த குழலால் மேல்நோக்கிப் பீய்ச்சுங்கள், சிலிண்டருக்கு 10 மில்லி. இரண்டு நாள் விட்டு, கிராங்க் புல்லியின் 30 மி.மீ. போல்ட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். முரண்டு பிடித்தால் இன்னும் இரண்டு நாள். நீளக் குழாய் மாட்டி இழுக்கும் வேலை வேண்டாம்.

சுற்றத் தொடங்கியதும் இரண்டு வால்வ் மூடியையும் எடுத்துவிட்டு, ஒருவர் சுற்ற, ஒருவர் எட்டு வால்வும் ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வ் ஒன்று ஒட்டியிருந்தால் ஸ்டார்ட்டர் கொடுக்கும் விசையில், வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ்ராட் கம்பி வளைந்துவிடும். இந்த வண்டியில் மூன்றாம் சிலிண்டர் வால்வ் ஒட்டியிருந்தது. தண்டில் ஆயில் விட்டு, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி ஒரு மாலை முழுக்கச் செலவழித்த பிறகு விட்டுக்கொடுத்தது. வால்வ் இடைவெளி, குளிர்ந்த எஞ்சினில், 0.15 மி.மீ. பிளக் இடைவெளி 0.7, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளி 0.4.

ஆயில் 2.5 லிட்டர், 20டபிள்யூ-50. ஃபில்டர் கிடையாது, அடியில் சல்லடைத் தட்டு மட்டும், ஆறு சின்ன நட்டில். 7 நியூட்டன் மீட்டருக்கு மேல் முடுக்கினால் ஸ்டட் உலோகத்தோடு பிய்ந்து வரும். கசிகிறதே என்று மேலும் முடுக்காதீர்கள். செம்பு வாஷரை மாற்றினால் நிற்கும். பிறகு பிளக் இல்லாமலே, இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரை 10 விநாடி சுற்றி ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். ஆயில் விளக்கு அணையும்வரை இதைச் செய்துவிட்டு அப்புறம் பிளக்கைப் போடுங்கள். முதல் ஆயிலை 100 கிலோமீட்டரிலேயே இறக்கிவிட்டோம். கறுப்புச் சேறாக வந்தது. அடுத்தது 500-இல், அதன் பிறகு 5,000-க்கு ஒருமுறை.

டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரத்தின் அளவு, டிஸ்ட்ரிபியூட்டருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மாறும். வேக்யூம் குழாயைக் கழற்றிவிட்டு, நிமிடத்துக்கு 3,500 சுற்றில் மொத்தம் 28 முதல் 32 பாகைக்குள் வைத்துக்கொண்டால் எஞ்சினுக்குக் கேடில்லை. பெட்ரோலைப் பற்றிக் கவலை வேண்டாம்: தென்னாப்பிரிக்காவில் 2006-இல் ஈயப் பெட்ரோல் நின்றபோது வால்வ் உட்காரும் இடம் தேய்ந்துவிடும் என்று பலர் பயந்தார்கள், ஆனால் பீட்டிலின் அலுமினிய ஹெட்டில் ஆலையிலேயே வால்வுக்கு எஃகு இருக்கை பதித்திருக்கிறார்கள். நம் கடற்கரையில் கிடைக்கும் 95 ஆக்டேன் இந்த எஞ்சினுக்குத் தாராளம்.

டர்பன் வெயிலில் இந்த வண்டியைக் கெடுப்பது கவனிக்காத குளிரூட்டல். காற்றுத்தான் இதற்குத் தண்ணீர். நின்ற வண்டியின் தகட்டு உறைக்குள் எலிக்கூடு, குளவிக்கூடு இரண்டும் இருந்தன. உறையைக் கழற்றாமல் வெளியே தெரியாது. எஞ்சின் தகட்டுக்கும் பாடிக்கும் இடையே சுற்றி ஓடும் ரப்பர் பட்டையும், பிளக் வயர் நுழையும் இடத்து ரப்பர் மூடிகளும் அலங்காரம் என்று நினைத்து விட்டவர்கள் அதிகம். அவை இல்லாவிட்டால் கீழே வெளியேறிய சூடான காற்றையே விசிறி மறுபடி உறிஞ்சும். பட்டை போடுவதற்கு முன் தைப்பூசக் காவடி நாளில் கோயில் தெருவில் ஊர்ந்தபோது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை விரலால் பிடிக்க முடியவில்லை, ஐடிலில் ஆயில் விளக்கு மினுங்கியது. பட்டை போட்டு அடுத்த தைப்பூசத்தில் அதே வெயில், அதே ஊர்தல்: கம்பியைத் துடைத்துப் பிடிக்க முடிந்தது, விளக்கு அசையவில்லை. இந்த இரண்டு ஆண்டில் போட்ட காசுக்கு மிகுந்த பலன் தந்தது இந்தப் பட்டைதான்.

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டரோடு விசிறியையும் சுற்றுவது ஒரே ஃபேன் பெல்ட்தான். ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால் அடுத்த திருப்பம்வரை போகலாம் என்று எண்ண வேண்டாம், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் 15 மி.மீ. அமுங்க வேண்டும். புல்லியின் இரு பாதிக்கு நடுவே உள்ள வாஷர்களை எடுத்தால் இறுகும், எடுத்ததை வெளிப்பக்கம் அதே நட்டுக்குக் கீழ் போட்டு வையுங்கள், தொலையாது. ஒரு உதிரிப் பெல்ட், 21 மி.மீ. ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர் எப்போதும் வண்டியில்.

கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டியிருந்தது. பெடலை மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து இரண்டு நாள் அழுத்தி வைத்தபோது ‘டக்’ என்று விட்டது. டயரில் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: வாரம், ஆண்டு. 10 ஆண்டு தாண்டியது ஓடக் கூடாது. புது 165 ஆர் 15-க்கு முன் 18, பின் 27 பி.எஸ்.ஐ. முன்பக்கமும் 27 அடித்தால் மழையில் மூக்கு வழுக்கும்.

வண்டி பெயர் மாற வேண்டியிருந்தால் ரோட்வொர்தி சான்றிதழ் (சாலையில் ஓடத் தகுதி என்ற சான்று) இல்லாமல் நடக்காது. கட்டாத லைசன்ஸ் கட்டணம் அபராதத்தோடு காத்திருக்கும். வண்டியை வாங்குமுன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்றைய நிலையில் மீதமுள்ள குறை ஒன்று. வலது பின் அச்சுக் குழாயைக் கியர்பாக்ஸோடு மூடும் ரப்பர் உறை, 9,000 கிலோமீட்டரில் போட்டது, லேசாகக் கசிகிறது. போட்டது இரண்டாகப் பிளந்து திருகாணி போடும் வகை. தையல் கீழே பார்த்தபடி இருக்கிறது, வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கியும் விட்டார்கள். சக்கரம் தரையில் ஊன்றியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டது. அடுத்த வாரம் புது உறை, தையல் கீழே வராதபடி வைத்து, நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது இறுக்கப் போகிறோம். அதுவரை மாதம் ஒருமுறை 17 மி.மீ. அறுகோணச் சாவியால் கியர்பாக்ஸ் பிளக்கைத் திறந்து, ஜிஎல்-4 தரம் 80டபிள்யூ-90 ஆயில் துளையின் கீழ்விளிம்புவரை நிற்கிறதா என்று சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறோம்.