எழுத்துக்கூட்டம் வழியே ஆங்கிலச் சொற்கள்: ஏழாண்டு நோட்டுப் பழக்கத்தின் அனுபவம்

சென்னிமலையில் தமிழ்வழியில் படித்து வளர்ந்த நான், 2018-இல் திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், ஆர்டர்களைப் பையர்களோடு பேசி முடித்துக்கொடுக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தபோது, வெளிநாட்டுப் பையர்கள் அனுப்பும் மின்னஞ்சல்களில் வரிக்கு இரண்டு சொற்களாவது பிடிபடாமல் நின்றன. அகராதியை அகரவரிசையில் மனப்பாடம் செய்து பார்த்தேன். ஒரு வாரத்துக்கு மேல் எதுவும் தங்கவில்லை. பிறகு இரண்டு குயர் நீள நோட்டு ஒன்றை வாங்கி, ஒரே எழுத்துத் தொகுதி இடம்பெறும் சொற்களை ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதத் தொடங்கினேன். அந்தப் பழக்கம் இன்றுவரை நிற்கவில்லை.

முதலில் நிரம்பியது டி-இ-எக்ஸ்-டி என்னும் பக்கம். எங்கள் தொழிலின் பெயரான டெக்ஸ்டைல் அங்கே முதல் சொல். அடுத்து டெக்ஸ்ட், டெக்ஸ்ச்சர், கான்டெக்ஸ்ட், ப்ரீடெக்ஸ்ட். இவை அனைத்துக்கும் மூலம், நெய்தல் என்று பொருள்படும் டெக்செரே என்ற லத்தீன் வினைச்சொல் என்பதை அகராதியின் சொற்பிறப்புக் குறிப்பில் படித்த இரவில், குழித்தறியில் அமர்ந்திருந்த அப்பாவிடமே போய்ச் சொன்னேன். சொற்களை நெய்தால் டெக்ஸ்ட். கூட்டி நெய்த பின்னணி கான்டெக்ஸ்ட். உண்மைக்கு முன்னால் நெய்து தொங்கவிடும் திரைதான் ப்ரீடெக்ஸ்ட், அதாவது சாக்கு. அப்பா தறியில் ஓடும் நாடாவை நிறுத்திக் கேட்டுவிட்டு, “பாவு செரியில்லாம ஊடையை மட்டும் ஓட்டி என்ன கண்ணு பண்றது?” என்றார். பாவு தறியில் நீளவாட்டில் கட்டிய இழை, ஊடை அதன் குறுக்கே ஓடும் இழை. கான்டெக்ஸ்ட் என்ற சொல்லுக்கு அப்பாவின் அந்தக் கேள்வியைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. நோட்டில் அதையே எழுதி வைத்திருக்கிறேன்.

நமக்கு இது புதிய எண்ணமும் அன்று. இழைக்கும் புத்தகத்துக்கும் நூல் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். பவணந்தி முனிவர் தம் நன்னூலில் சொல்லைப் பஞ்சாகவும், புலவரை அதை நூற்கும் பெண்ணாகவும் காட்டுகிறார். அவருடைய ஊர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் என்று எங்கள் பகுதியில் பெருமையோடு சொல்வார்கள். லத்தீன் மொழியும் தமிழும் தனித்தனியே ஒரே உவமையை எட்டியிருப்பதைக் கண்ட பிறகு, அந்தப் பக்கத்துச் சொல் எதையும் நான் மறந்ததில்லை.

பி-ஓ-ஆர்-டி பக்கமும் அப்படியே பயன்பட்டது. எக்ஸ்போர்ட், இம்போர்ட், டிரான்ஸ்போர்ட், ரிப்போர்ட், சப்போர்ட், போர்ட்டர் எல்லாவற்றிலும் சுமத்தல் என்ற பொருள் அடியில் கிடக்கிறது. ஒன்றின் பொருள் தெரிந்தால் மற்றவை தாமாகத் திறந்துகொள்கின்றன.

இந்த வெற்றி கொடுத்த துணிச்சலில்தான் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். ஐ-என் என்று தொடங்கும் சொற்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இன்விசிபிள், இன்கம்ப்ளீட், இன்கரெக்ட் என்று எழுதி, மேலே ‘அல்ல’ என்று தலைப்பிட்டேன். அதே பக்கத்தில், பொருளைத் தேடிப் பார்க்காமலேயே, இன்ஃபிளேமபிள் என்ற சொல்லையும் ‘தீப்பிடிக்காதது’ என்று எழுதிவிட்டேன். ஈராண்டுகள் அது அப்படியே கிடந்தது. ஒருநாள் சங்ககிரி அருகே ஒரு கேஸ் டேங்கர் லாரியின் பின்னால் பைக்கில் போய்க்கொண்டிருந்தபோது, சிவப்பு எழுத்தில் அதே சொல் கண்ணுக்கு நேராக நின்றது. தீப்பிடிக்காத சரக்குக்கு இத்தனை எச்சரிக்கை எதற்கு என்ற கேள்வி எழுந்த பிறகே அகராதியைப் பார்த்தேன். அங்குள்ள ‘இன்’ மறுப்பைக் குறிப்பதன்று. தீமூட்டுதல் என்னும் லத்தீன் வினையோடு சேர்ந்தே வந்தது. ஃபிளேமபிள், இன்ஃபிளேமபிள் இரண்டுக்குமே எளிதில் தீப்பற்றுவது என்றுதான் பொருள். டையிங் பட்டறைகளில் ரசாயன டிரம்களின் மேல் இச்சொல்லைப் பார்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால், இந்தத் தவறைச் சிறியதாக எண்ண என்னால் இயலவில்லை.

அன்றிலிருந்து, ஒரே எழுத்துகள் இருப்பதாலேயே சொற்கள் பங்காளிகள் ஆகிவிடா என்பதை முன்வைத்தே ஒவ்வொரு பக்கத்தையும் நிரப்புகிறேன். பி-இ-டி இதற்கு நல்ல சான்று. பெடல், பெடஸ்ட்ரியன் என்பவை பாதத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. குழந்தை மருத்துவரைக் குறிக்கும் பீடியாட்ரிஷனோ குழந்தை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் வழக்கில் அதற்கு நடுவே ஓர் ‘ஏ’ சேர்த்து எழுதுவதால் வேறுபாடு தெரிகிறது. அமெரிக்க வழக்கில் அதுவும் மறைந்துவிடுகிறது. எதுகை ஒன்றியிருப்பதால் பொருளும் ஒன்றும் என்று தமிழ்ச் செய்யுளில் நாம் நினைப்பதில்லை அல்லவா?

ஓ-யு-ஜி-எச் பக்கத்தைப் பொருளுக்காக அல்லாமல் எழுத்துக்கூட்டலுக்காக மட்டுமே வைத்திருக்கிறேன். த்ரூ (ஊடாக), தோ (என்றாலும்), டஃப் (கடினமான), காஃப் (இருமல்), பௌ (மரக்கிளை) என ஒரே நான்கு எழுத்துகள் ஐந்து விதமாக ஒலிக்கின்றன. அந்த ஜி-எச் முற்காலத்தில் தொண்டையில் உரசி ஒலித்த ஓர் ஒலிக்கான அடையாளம். வில்லியம் கேக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் அமைத்த பின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைபெற, ஒலியோ சில சொற்களில் மறைந்தும், சிலவற்றில் ‘ஃப்’ ஆகத் திரிந்தும் போயிற்று. ஆகவே இந்தக் கூட்டத்தைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

லிசன், சைலன்ட் போல எழுத்துகளை இடம்மாற்றி அமைக்கும் சொற்களுக்கும் சில பக்கங்கள் செலவிட்டேன். பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டு, வேலைக்கு உதவவில்லை.

இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அதை நான் சந்தித்த முழு வாக்கியம். அகராதியில் பிறப்பைச் சரிபார்க்கும்வரை எதையும் பென்சிலில்தான் எழுதுகிறேன். சரிபார்த்த பிறகே பேனா. சென்ற மாதம், ஆடையின் அளவு, துணி, தையல் விவரங்களைத் தரும் ஆவணமாக அன்றாடம் கையாளும் டெக் பேக் (டெக்னிக்கல் பேக்) என்ற சொல்லின் பின்னால் போனபோது, டெக்னிக்கல் என்பதன் கிரேக்க மூலத்தையும் டெக்ஸ்டைலின் லத்தீன் மூலத்தையும் மொழியறிஞர்கள் ஒரே தொல்வேரில் சேர்ப்பதைக் கண்டேன். ஒன்றில் டி-இ-சி, மற்றதில் டி-இ-எக்ஸ். எழுத்து ஒவ்வாத இந்த உறவுக்கு என் நோட்டில் பக்கம் இல்லை என்பதால், இரு பக்கங்களிலும் எழுதி நடுவே ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.